கடலுக்குப் பட்டா

ஐஸ்லாந்தின் மீன்வள நிர்வாகச் சட்டத்தை எழுதியவர்கள் தங்கமான மனிதர்கள். தங்கள் கடலில் இருக்கும் மீன்வளம் ஐஸ்லாந்து மக்கள் எல்லாருக்கும் பொதுச்சொத்து என்று முதல் பிரிவின் முதல் வாக்கியத்திலேயே எழுதிவைத்தார்கள். ஒருவருக்கு மீன்பிடிப் பங்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டதாலேயே அவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று அதே பிரிவில் ஒரு வரி சேர்க்கவும் அவர்கள் மறக்கவில்லை. வாசித்தால் நெஞ்சு நிறையும். அதோடு சட்டப் புத்தகத்தை மூடிவிடுவது உடம்புக்கு நல்லது. மிச்சப் பக்கங்களில், அந்தப் பொதுச்சொத்தை யார் யாருக்கு விற்கலாம், எப்படிக் குத்தகைக்கு விடலாம், கம்பெனி விட்டுக் கம்பெனி எப்படி மாற்றலாம் என்ற விவரங்கள்தாம் இருக்கின்றன.

இது புரிய நம் ஆட்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை. புறம்போக்கு என்றால் எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்பதாலேயே யாராவது ஒருத்தர் முள்கம்பி நடுவார். மூன்று வருஷம் அவர் அனுபவத்தில் இருந்ததாக எங்கேயோ ஒரு பதிவேட்டில் ஏறும். அப்புறம் பட்டா வரும், பட்டாவுக்குப் பின்னால் பத்திர ஆபீஸ் வரும், பத்திரத்துக்குப் பின்னால் பேங்க் வரும். ஐஸ்லாந்துக்காரர்கள் இதையே கடலில் செய்து காட்டினார்கள். முள்கம்பிச் செலவுகூட இல்லை. நாம் செய்தால் நில அபகரிப்பு என்று எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். அவர்கள் செய்ததற்கு நவீன மீன்வள மேலாண்மை என்று பெயர். அதைப் பாடமாகப் படிக்கப் பல நாட்டு அதிகாரிகள் ரெய்க்யாவிக் போய் வருகிறார்கள்.

இத்தனைக்கும் அது சும்மா கிடைத்த கடல் இல்லை. 1958-இல் 12 கடல் மைல், 1972-இல் 50, 1975-இல் 200 என்று எல்லையைத் தள்ளிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோடு மல்லுக்கு நின்று வாங்கிய கடல். ராணுவமே இல்லாத நாடு. மக்கள்தொகை அப்போது இரண்டேகால் லட்சத்துக்குள். கடலோரக் காவல் கப்பலின் பின்னால் கொக்கிக் கத்தியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், பிரிட்டிஷ் டிராலர்களின் வலைக்கம்பியை அறுத்துவிட்டார்கள். 1976 பிப்ரவரியில் பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஜெயித்தார்கள். 200 மைல் கடலும் ஐஸ்லாந்து மக்களுக்கு என்று ஆயிற்று. எட்டு வருஷம் கழித்து, அந்த மக்களில் படகு வைத்திருந்தவர்களுக்கு என்று ஆயிற்று.

1984-இல் கோட்டா வந்தது. 1980 நவம்பர் 1 முதல் 1983 அக்டோபர் 31 வரை எந்தப் படகு எவ்வளவு பிடித்ததோ, அந்தக் கணக்கில் அந்தப் படகின் முதலாளிக்குப் பங்கு. மூன்று வருஷ அனுபவ பாத்தியதை, தாசில்தார் தோற்றார். அந்த மூன்று வருஷமும் அதே படகில் வலை இழுத்தவனுக்கு என்ன? அவனுக்குத்தான் அன்றைக்கே கூலி கொடுத்தாயிற்றே. கரையில் ஆலைக்குள் ரப்பர் பூட்ஸோடு நாள் முழுக்க நின்று மீன் வெட்டிய பெண்களுக்கு? அவர்கள் படகு வாங்கியிருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வரி கட்டிய ஊருக்கு? ஊர் என்பது படகு அல்ல. 1984-இல் பிறந்த பிள்ளைக்கு? கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்திருக்கலாம், யார் வேண்டாம் என்றது.

மீன் குறைந்துகொண்டு வந்தது பொய் இல்லை. 1960-களின் கடைசியில் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக மறைந்து, வடக்குக் கரையில் அதை நம்பியிருந்த ஊர்கள் படுத்துவிட்டன. 1975-இல் காட் மீனும் அதே வழியில் போகிறது என்று விஞ்ஞானிகள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள்; கறுப்பு அறிக்கை என்றே அதற்குப் பெயர் விழுந்தது. வருஷத்துக்கு இவ்வளவுக்குமேல் பிடிக்காதே என்று உச்சவரம்பு போடாமல் ஒரு கடலும் பிழைக்காது. இதில் எனக்குச் சண்டை இல்லை. உச்சவரம்பு எவ்வளவு என்று சொல்வது விஞ்ஞானியின் வேலை, அதை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். 2007-இல் அவர்கள் சொன்னபடி காட் மீனின் வருஷ அளவை 1,93,000 டன்னிலிருந்து 1,30,000 டன்னுக்கு ஒரே வெட்டாக வெட்டினார்கள். மீன் திரும்பி வந்தது. ஆனால் அந்த 1,30,000 டன் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எந்தக் காட் மீனும் எந்த விஞ்ஞானியிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னது மந்திரிசபை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பட்டாவைக் கேள்வி கேட்கிறவன் மீனுக்கே எதிரி என்று முத்திரை குத்துவதுதான் நாற்பது வருஷமாக நடக்கும் வித்தை.

1984-இல் நடந்தது அநியாயம் என்றால், 1990-ஆம் வருஷச் சட்டத்தில் நடந்தது கொள்ளை. 1991 ஜனவரி முதல் கோட்டாவைப் படகிலிருந்து கழற்றலாம், கூறு போடலாம், வெளியூருக்கு விற்கலாம் என்று வந்தது. அதுவரை ஊரின் மீன் ஊரின் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இனி அது, முதலாளி எந்த நகரத்தில் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தத் துறைமுகத்தில் இறங்கும். ஊர்களைக் காப்பாற்றச் சட்டத்தில் ஒரு பிரிவும் வைத்தார்கள், மறக்கவில்லை: கப்பலை வெளியூருக்கு விற்றால், முதலில் வாங்கும் உரிமை ஊராட்சிக்கு. கப்பலை விற்காமல் கோட்டாவை மட்டும் உருவிக்கொண்டு போனால்? கப்பலையும் கோட்டாவையும் விட்டுவிட்டு, கம்பெனியின் பங்குகளையே கைமாற்றினால்? அதற்குப் பிரிவு இல்லை. காலிக் கப்பலை ஊராட்சி தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஏறி விளையாடும்.

வடமேற்கு மலைக்கரையில் இசாஃப்யோர்துர் என்றோர் ஊர். (பெயரைச் சொல்லப் பழகுவதற்குள் கோட்டா கைமாறிவிடும்.) அந்த ஊர் டிராலர் ஒன்றுக்குக் குட்ப்யோர்க் என்று பெயர். செல்லப் பெயர் குக்கன். பளிச்சென்ற மஞ்சள் நிறம். ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வழியில் அந்தக் கப்பலால் சோறு. 1997-இல் அந்தக் கப்பலின் கம்பெனியை அக்குரேரி நகரத்து சம்ஹெர்யி கம்பெனி தன்னோடு இணைத்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் பயந்தார்கள். பயப்படாதீர்கள், குக்கன் மஞ்சளாகவே இருக்கும், இசாஃப்யோர்துரிலிருந்தே மீன்பிடிக்கப் போகும் என்று புது முதலாளிகள் வாக்குக் கொடுத்தார்கள். சில வருஷத்தில் குக்கன் ஜெர்மனிக்குப் போயிற்று, கோட்டா அக்குரேரிக்குப் போயிற்று. அந்த மஞ்சள் நிற வாக்குறுதி இன்றுவரை ஐஸ்லாந்தில் பழமொழி மாதிரி புழங்குகிறது. ஓர் அரசியல்வாதி எதையாவது அடித்துச் சொன்னால், குக்கனும் மஞ்சளாகத்தானே இருக்கப்போகிறது என்பார்கள். அந்த ஊருக்கு மிஞ்சிய ஒரே லாபம் இந்தச் சொலவடை. இதைக் கோட்டாவாகப் பதிவு செய்து யாரும் இன்னும் வாங்கிப் போகவில்லை.

அதே மலைக்கரையில் ஃப்லாத்தேரி. 1995 அக்டோபரில் நள்ளிரவு தாண்டி ஒரு பனிச்சரிவு இறங்கி 20 பேரைக் கொண்டுபோனது. சில நூறு பேர் மட்டுமே இருந்த ஊர். அழுது முடித்து எழுந்து நின்றார்கள். அரசாங்கம் மலைக்கும் ஊருக்கும் நடுவே பெரிய மண் அணை கட்டிக் கொடுத்தது. 2007-இல் அந்த ஊரின் மீன் கம்பெனி முதலாளி கப்பல்களையும் கோட்டாவையும் விற்றுவிட்டார். நூறு பேருக்கு மேல் வேலை போயிற்று. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. மலைமேலிருந்து வருவதற்கு அணை கட்டலாம், பத்திர ஆபீஸிலிருந்து வருவதற்கு எந்த இடத்தில் கட்டுவது என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை.

2014-இல் வீசிர் என்ற கம்பெனி இன்னும் சுருக்கமாக வேலையை முடித்தது. திங்கேரி, ஹூசாவிக், தியூப்பிவோகுர் ஆகிய மூன்று ஊர்களிலும் இருந்த தன் மீன் ஆலைகளை மூடுவதாக ஒரே அறிவிப்பு. வேலை வேண்டுமா? நாட்டின் இன்னொரு மூலையில் இருக்கும் கிரிண்டாவிக்குக்குக் குடிவாருங்கள். வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், அப்பா அம்மாவின் கல்லறை எல்லாவற்றையும் மூட்டை கட்ட முடியாதவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று அர்த்தம். (அந்தக் கிரிண்டாவிக்கையே 2023 நவம்பரில் எரிமலை காலி செய்தது. எரிமலை குறைந்தபட்சம் முன்கூட்டிப் பூமியை ஆட்டி எச்சரித்தது.) 2022-இல் வீசிர் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியபோது, அதன் முதலாளிக் குடும்பத்துக்குக் கிடைத்த பங்குகளின் மதிப்பு சுமார் 2,000 கோடி குரோனா. மக்களின் பொதுச்சொத்து நல்ல விலைக்குப் போயிற்று. மக்களுக்குத்தான் கமிஷன்கூட வரவில்லை.

சம்ஹெர்யிக்குத் திரும்ப வேண்டும், அவர்களை விட்டால் இந்தக் கதை பாதியில் நிற்கும். 2019 நவம்பரில் ஐஸ்லாந்து அரசுத் தொலைக்காட்சியும் விக்கிலீக்ஸும் வேறு இரண்டு ஊடகங்களும் சேர்ந்து ஆவணங்களை வெளியிட்டன. நமீபியாவின் கடலில் மீன்பிடிக் கோட்டா வாங்க அங்குள்ள பெரிய மனிதர்களுக்கு இந்தக் கம்பெனி வழியாக லஞ்சம் போனதாகக் குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது, இன்னும் மறுக்கிறது. நமீபியாவில் இரண்டு மந்திரிகள் பதவி விலகினார்கள், கைதும் ஆனார்கள். ஐஸ்லாந்தில் என்ன ஆயிற்று என்றால், ஆறே மாதத்தில், 2020 மே மாதம், சம்ஹெர்யியின் பெரும் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளில் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் சட்டத்தின் முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். மக்கள் எல்லாருக்கும் பொதுவான மீன், சில வீடுகளின் பாகப்பிரிவினைக்கு வந்துவிட்டது. இந்த முதலாளிகளை ஐஸ்லாந்துக்காரர்கள் கடல் ஜமீன்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். நாம் 1948-இல் சட்டம் போட்டு ஒழித்த சாமான் அங்கே 1984-இல் புதிதாக இறங்கியிருக்கிறது.

ஜமீன் இருந்தால் குத்தகைதாரன் இருப்பான். கோட்டா இல்லாத சிறு படகுக்காரர்கள், கோட்டா இருந்தும் கடலுக்குப் போகாதவர்களிடம் வருஷக் குத்தகைக்கு மீன் எடுத்தார்கள். புயலில் போவது இவர், டீசல் இவருடையது, விரல் போனால் இவர் விரல். கரையில் மீன் விற்ற விலையில் பாதிக்கும் மேலே குத்தகைக்கே போன காலங்கள் உண்டு. பட்டாதாரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கடலில் இருக்கும் மீன் அவருக்காக எடை போடும்.

பாட்ரெக்ஸ்ஃப்யோர்துர் ஊரின் மீனவர்கள் இரண்டு பேர் 2001-இல் ஒரு காரியம் செய்தார்கள். சின்ன வயதிலிருந்து கடலில் இருந்தவர்கள். கோட்டா கேட்டு விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை. குத்தகை கொடுத்து மாளவில்லை. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, கோட்டா இல்லாமலே கடலுக்குப் போனார்கள். 5 டன்னுக்கு மேல் காட் மீன், கொஞ்சம் ஹாடக், கொஞ்சம் தட்டை மீன் கொண்டுவந்து இறக்கினார்கள். திருடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திருடிய திருடர்களை அந்தக் கடல் அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. எழுதிக் கொடுக்காதவர்களைத்தான் பார்த்துப் பழக்கம். வழக்கு நடந்தது. ஆளுக்குப் பத்து லட்சம் குரோனா அபராதம், கட்டாவிட்டால் மூன்று மாதம் ஜெயில். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அவர்கள் கம்பெனி திவாலாயிற்று, படகு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயிற்று.

அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 2007 அக்டோபரில் குழு தீர்ப்புச் சொன்னது: பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டு, ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு மட்டும் நிரந்தரமாகக் கொடுத்து, அவர்கள் தாங்கள் பயன்படுத்தாததைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ள விட்டது பாகுபாடு, இந்த இருவருக்கும் நிவாரணம் கொடு, முறையையும் மறுபரிசீலனை செய். ஐஸ்லாந்து அரசு மரியாதையாகப் பதில் எழுதியது. நஷ்டஈடு கொடுப்பதற்கில்லை, இவர்களுக்குக் கொடுத்தால் இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் கேட்பார்கள். இதைவிடச் சுத்தமான ஒப்புதல் வாக்குமூலத்தை நான் எந்த அரசிடமும் படித்ததில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ரொம்பப் பேர், ஆகையால் ஒருவருக்கும் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, உதவியும் செய்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நம்மில் ஒரு வசனம் உண்டு. ஆனால் இங்கே நெய்யும் ஊரானுடையது, பந்தியில் உட்கார்ந்திருப்பவனும் அதே ஊரான், அப்படியும் கரண்டி மேலேதான் நிற்கிறது. மொத்தப் பிடிப்பில் 5.3 சதவீதம் சமூகக் காரியங்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள். கடற்கரைச் சிற்றூர்களின் நலன் எல்லாம் அந்த 5.3-க்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதில் ஒரு பகுதி ஊர்க் கோட்டா. ஊராட்சி போய் மந்திரியிடம் விண்ணப்பம் போட வேண்டும், உள்ளூர் விதிகளுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கப்புறம் பட்டியல் வரும். சில ஊர்களின் பெயருக்கு நேரே 15 டன் என்று இருக்கும். கோடைக்காலச் சிறு படகு ஒன்று நாளைக்கு 650 கிலோ கணக்கில் பிடித்தால் இருபது சொச்சம் நாளில் தீர்ந்துபோகிற அளவு அது. ஒரே படகு. ஊருக்கே அவ்வளவுதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பொரி யானையின் வயலில் விளைந்ததாயிற்றே.

அந்தக் கோடைக்காலப் படகுகளின் கதையைச் சொன்னால்தான் உதவியின் முழு அழகும் தெரியும். 2009-இல் கொண்டுவந்தார்கள். கோட்டா இல்லாதவனும் மே முதல் ஆகஸ்ட் வரை சின்னப் படகில் தூண்டில் போட்டுக்கொள்ளலாம். என்ன பெருந்தன்மை என்று வாயைப் பிளக்குமுன் விதிகளைக் கேளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரைதான். வெள்ளிக்கிழமை அவன் ஒரு தூண்டில் போட்டாலும் வட அட்லாண்டிக் வற்றிவிடும். பொதுவிடுமுறை நாளிலும் கூடாது. மாதத்துக்கு 12 நாள். கயிற்றை அவிழ்த்ததிலிருந்து 14 மணி நேரத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். தூண்டில் சுழற்றும் ராட்டை நாலுக்குமேல் கூடாது. ஒரு நாளில் 650 கிலோ காட் கணக்குக்குமேல் வந்தால் அதிகப்படியின் பணம் அரசாங்கத்துக்கு. பெரும்பாலும் படகில் ஒற்றை ஆள். காற்று அடித்தாலும் அன்றைக்குப் போய்த்தான் தீர வேண்டும், நாளையும் காற்று அடித்தால் இந்த வாரக் கணக்கு போயிற்று. ஆயிரக்கணக்கான டன் கோட்டா வைத்திருக்கும் டிராலருக்கு வெள்ளிக்கிழமையும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கிறிஸ்துமஸ் முடிந்து குளிர்காலமும் உண்டு.

இதற்கும் மேலே, எழுநூறு சொச்சம் படகுகளுக்கும் சேர்த்து ஒரே மூட்டை. சுமார் 10,000 டன் காட் மீன். நாட்டின் மொத்த அளவோ 2 லட்சம் டன்னைச் சுற்றி. மூட்டை தீர்ந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். ஆகஸ்ட் வரை என்று சட்டம் சொல்லும். 2022-இல் ஜூலை 21-இல் முடிந்தது, 2023-இல் ஜூலை 11-இல், 2024-இல் ஜூலை 16-இல். வடகிழக்குக் கரையில் நல்ல பருத்த காட் மீன் கரையோரம் வருவதே ஜூலைக் கடைசியில்தான். அதற்குள் மேற்குக் கரைக்காரர்கள் மூட்டையைப் பெருமளவு காலி செய்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களும் பசியோடுதான் இருந்தார்கள். வீசிர் ஆலையை மூடிவிட்டுப் போன ஹூசாவிக் அந்த வடகிழக்கில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஆலை போயிற்று. இன்னொரு பக்கம் உதவி வந்தது, மீன் வருவதற்கு முந்தின வாரம் முடிந்துபோகிற மாதிரி. மேற்குக் கரைக் கிராமத்தானையும் கிழக்குக் கரைக் கிராமத்தானையும் எலும்புத்துண்டுக்கு முட்டவிட்டுவிட்டு, பார்த்தீர்களா இவர்களுக்கே ஒற்றுமை இல்லை என்று சொல்வது எந்த நாட்டிலும் பழைய ராஜதந்திரம்.

நம் பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுற்றிவிடுவார்கள். நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த தடவை மோசமான இடம் வரும். அதில் உள்ள கோளாறும் பெரியது. முறை ஒரு சாதிக்குள்ளேயே சுற்றும், மற்றவர்கள் வெளியே நின்று பார்க்க வேண்டும், அதனால் சண்டையும் வழக்கும் நடந்திருக்கின்றன. ஆனால் ஊரைவிட்டுப் போகிறவன் ஏரியின் தன் பங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாது. இதை ஒரு மேலாண்மை நிபுணரிடம் காட்டிப் பாருங்கள். திறமையற்ற முறை, சொத்துரிமை தெளிவாக இல்லை, முதலீட்டுக்கு உகந்ததல்ல என்பார். தெளிவான சொத்துரிமைக்கு உதாரணம் கேட்டால் ஃப்லாத்தேரிக்கு விலாசம் கொடுப்பார்.

ஐஸ்லாந்து மக்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2012 அக்டோபரில் புது அரசியல் சட்ட வரைவு குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. தனியார் உடைமையாக இல்லாத இயற்கை வளங்களை நாட்டின் சொத்து என்று அரசியல் சட்டத்திலேயே எழுதலாமா என்று ஒரு கேள்வி. பதில் சொன்னவர்களில் 83 சதவீதம் பேர் எழுது என்றார்கள். நாடாளுமன்றம் இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதே வருஷம் ஜூனில், கோட்டாக்காரர்கள் அரசாங்கத்துக்குக் கட்டும் மீன்பிடிக் கட்டணத்தை உயர்த்த மசோதா வந்தபோது, முதலாளிகள் கப்பல்களை ரெய்க்யாவிக் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்துப் போராட்டம் நடத்தினார்கள். ஜமீன்தார்கள் மறியல் செய்த அபூர்வக் காட்சி. 2013-இல் வேறு அரசாங்கம் வந்து முதல் வேலையாகக் கட்டணத்தைக் குறைத்தது. குறைக்காதே என்று சுமார் 35,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்தில் ஒருவர் என்று கணக்கு. ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டார், மசோதாவில்.

2025-இல் இன்னொரு புது அரசாங்கம் கட்டணத்தைத் திரும்பக் கையில் எடுத்தது. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தன் கப்பலின் மீனைத் தன் ஆலைக்கே, தானே வைத்த விலைக்கு விற்று, அந்த விலையில் லாபக் கணக்குக் காட்டுகிறீர்களே, இனிச் சந்தை விலைக்குக் கணக்குக் காட்டுங்கள் என்றது. அவ்வளவுதான். எதிர்க்கட்சிகள் எழுந்து நின்றன. கட்டணம் ஏறினால் யார் பாதிக்கப்படுவார்கள் தெரியுமா? முதலாளிகளா? ஐயோ, இல்லை. கடற்கரைச் சிற்றூர்கள்! அந்த ஏழைக் கிராமங்கள்! அங்குள்ள மீன் ஆலைத் தொழிலாளிகள்! திங்கேரியையும் தியூப்பிவோகுரையும் ஒரே அறிவிப்பில் காலி செய்தபோது எங்கேயோ வைத்து மறந்த கண்ணீர், வரி என்றதும் தாரைதாரையாக வந்தது. 150 மணி நேரத்துக்கும் மேலே பேசினார்கள். ஆல்திங் நாடாளுமன்றத்தின் அண்மைக்கால வரலாற்றில் அவ்வளவு நேரம் எந்த மசோதாவுக்கும் பேசியதில்லை. 1959-க்குப் பிறகு யாரும் தொடாத ஒரு விதியைத் தூசி தட்டி எடுத்து விவாதத்தை நிறுத்தி, ஜூலை நடுவில் மசோதாவை நிறைவேற்றினார்கள்.

அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேற வேண்டிய இன்னொரு மசோதாவும் வரிசையில் இருந்தது. கோடைக்காலத் தூண்டில் படகுகளுக்கு 48 நாள் உறுதி, நடுவில் நிறுத்த மாட்டோம் என்பது அரசாங்கம் கொடுத்த வாக்கு. சிற்றூர்களின் துயரத்தைப் பற்றி அத்தனை மணி நேரம் பேசி முடித்தபோது, சிற்றூர்களின் மசோதாவுக்கு நேரமில்லை. அது விழுந்துபோயிற்று. அதே வாரத்தில் மீன்வள இயக்ககத்திலிருந்து வழக்கமான அறிவிப்பு வந்தது: மூட்டை தீர்ந்தது, எல்லாப் படகும் கரையேறலாம்.